இடது முழங்கால், வயது எழுபத்து மூன்று

நேற்றிரவு உறைபெட்டியிலிருந்து எடுத்து வைத்தேன்.
காலையில் இளகியிருந்தது.
ஒரு சாண் தொடையெலும்பு, ஒரு சாண் கீழ்க்கால் எலும்பு,
நடுவில், மடக்கினால் இன்னும் மடங்குகிற மூட்டு.
தாளில் இருப்பது இவ்வளவுதான்:
ஆண். எழுபத்து மூன்று. எண்பத்தோரு கிலோ.
பெயர் எங்களுக்கு வராது. வரக் கூடாது.

சில்லின் மேல் தோல்
செருப்படிபோலக் காய்ப்பேறிக் கிடந்தது.
முட்டிபோட்டுப் பிழைத்த கால்.
“பாதிரியார்” என்றான் இரெனேயுஷ்.
“தரைக்குப் பலகை பாவுகிறவர்” என்றேன்.
ஒரு காப்பி பந்தயம்.

கத்தி வைத்தபோதுதான் கண்டேன்:
தோலுக்குள் ஒரு நீலக் கோடு, அரைவிரல் நீளம்,
பக்கத்தில் மூன்று புள்ளி.
வெட்டுக்காயத்தில் கரித்தூள் புகுந்து
ஆறும்போது உள்ளேயே தங்கிவிட்டால் இந்த நிறம்.
கிளிவிட்சேயில் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.
ஒரு மீட்டர் உயரமில்லாத சுரங்க அடுக்கில்
வேலைநேரம் முழுக்க முட்டியாலேயே நடந்த ஆள்.
பந்தயத்தில் இருவருமே தோற்றோம்.
காப்பியை அவரவர் காசில் குடித்தோம்.

பிறகு வேலை.
தசையை வழித்தேன். உறையைப் பிரித்தேன்.
உள்ளே இரண்டு நார்கள்,
ஒன்றையொன்று குறுக்கே கடந்து: சிலுவை நார்கள்.
(பாதிரியார் என்றவன் இங்கே இருமினான்.)
முன்னதை மட்டும் விட்டு மற்றதெல்லாம் அறுத்தேன்.
எலும்பு முனைகளைக் குவளையில் நிறுத்திப்
பிசின் சிமென்ட் ஊற்றினேன்.
அறை முழுக்க நகப்பூச்சு வாசனை.
நாரின் மேல் உப்புநீர்த் துணி.
காய்ந்த நார் பொய் சொல்லும்.

இயந்திரம் முதலில் பத்து முறை
லேசாக இழுத்து விடும், இழுத்து விடும்,
உறைபனியை அது மறக்கட்டும் என்று.
கொலாஜன் இழை ஓய்வில் நேராக இருப்பதில்லை;
பின்னி அவிழ்த்த கூந்தல்போல நெளிந்திருக்கும்.
முதல் இழுப்பில் நெளிவு மட்டுமே நிமிர்கிறது.
திரையில் கோடு சோம்பிக் கிடக்கும்.
நெளிவு தீர்ந்த இடத்தில்தான்
கோடு எழுந்து நிற்கும்.

வெடுக்கென்று இழுத்தால் நார் நடுவில் கிழியும்.
மெல்ல இழுத்தால்
நார் பிடித்தபடியே இருக்க
அது வேர்விட்ட எலும்பு பெயரும்.
ஏன் என்று மாணவர்கள் கேட்பார்கள்.
அவசரத்தில் எலும்பு நாரைவிட அதிகம் இறுகும் என்பேன்.
அவர்கள் எழுதிக்கொள்வார்கள்.

இன்று மெல்ல இழுக்கும் நாள்.

நூறு நியூட்டன். இருநூறு.
இந்த வயதுக்கு அறுநூறு வந்தாலே மரியாதை.
அறுநூற்று ஐம்பதில்
இரெனேயுஷ் கைபேசியைக் கீழே வைத்தான்.
எழுநூற்றுப் பத்தில் சில இழைகள் அறுந்தன;
காதில் ஒன்றும் விழவில்லை,
கோட்டில் ஒரு சின்னப் பல்.
பிறகும் ஏறியது.
தொள்ளாயிரத்து நாற்பதில்
டக்.

நார் முழுசாக இருந்தது.
அதன் அடியில்
பட்டாணி அளவு எலும்பு
ஒட்டிக்கொண்டு வந்திருந்தது.

படிவத்தில் எழுதினேன்: எலும்புப் பெயர்வு, கீழ்முனை.
குறிப்பு என்ற கட்டத்தில் “நீலக் கோடு” என்று எழுதி
அடித்துவிட்டேன்.

துண்டுகளை எண்ணிப் பையிலிட்டேன்.
அடக்கத்துக்கு எல்லாமே திரும்பிப் போக வேண்டும்,
பட்டாணி உட்பட.
தோலை மடித்தபோது
கோடு உள்பக்கம் போகும்படி மடித்தேன்.
யாரும் அப்படிச் செய்யச் சொன்னதில்லை.

மின்தூக்கி பழுது. நான்கு மாடி.
இறங்கும் ஒவ்வொரு படிக்கும்
என் சில்லின் பின்னால்
மூன்று யோவிடாக்கள் ஏறி நிற்கிறார்கள், கணக்குப்படி.
இரண்டாம் மாடியிலேயே கைப்பிடியைப் பற்றிக்கொண்டேன்.

பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரி
மூக்கை உறிஞ்சிவிட்டு
என் நகங்களைப் பார்த்தாள்.
பூச்சு எதுவும் இல்லை.